நுரையீரல் நோயோடு விமானத்தில் போகலாமா? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

தென்றல்
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய்கள் குறுகி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், இருப்பது தெரிந்து சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் ஆக்ஸிஜன் எதுவும் வைப்பதில்லை. காலையும் இரவும் இன்ஹேலர், மூச்சு வாங்கினால் கூடுதலாக நீல இன்ஹேலர், அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் 94, 95 சதவீதம் காட்டுகிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவார்.

எனக்குப் பிரசவம் நெருங்குகிறது. அம்மா கூட இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை. இரண்டு விமானம் மாற வேண்டும். முதலாவது 4 மணி நேரம், அடுத்தது 9 மணி நேரம், நடுவில் காத்திருப்பு வேறு. குடும்ப டாக்டர் "அளவு நல்லாத்தான் இருக்கு, போகட்டும்" என்கிறார். சித்தப்பா "மேலே போய் மூச்சு முட்டினால் யார் பார்ப்பது, வேண்டவே வேண்டாம்" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையமூச்சு
தங்கச்சி, நானும் சி.ஓ.பி.டி.காரன்தான். இந்த நோய் வந்த பிறகும் நிறையப் பறந்திருக்கிறேன். ஒருமுறையும் ஒன்றும் ஆகவில்லை. 95 இருக்கிறதென்றால் தைரியமாக வரச் சொல்லுங்கள். அப்படியே ஏதாவது ஆனாலும் மேலேயிருந்து மாஸ்க் விழும். வீட்டில் உள்ளவர்கள் பயமுறுத்தினால்தான் நோயாளிக்கு மூச்சு வாங்கும்.

நீலவானம்
விமானப் பணிப்பெண்ணாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பழையமூச்சு அண்ணா சொன்னதில் மாஸ்க் விஷயத்தை மட்டும் உடனே திருத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் இதை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

மேலேயிருந்து விழும் அந்த மாஸ்க், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் மட்டும்தான் விழும். ஒரு பயணிக்கு மூச்சு முட்டுகிறது என்று அதை இறக்கித் தர முடியாது. பெரும்பாலான விமானங்களில் அதற்குப் பின்னால் இருப்பது ஒரு ரசாயன உருளை. ஒருமுறை இழுத்துவிட்டால் சுமார் 12 முதல் 20 நிமிடம் வரை ஆக்ஸிஜன் தரும், அதோடு தீர்ந்தது. விமானி விமானத்தைக் கீழே இறக்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான் அது. 9 மணி நேரப் பயணத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

பணியாளர்களிடம் முதலுதவிக்கென்று சில சிலிண்டர்கள் இருக்கும். அவை யாருக்காவது திடீரென்று ஏதாவது ஆனால் எடுப்பதற்கு. "எனக்குத் தேவைப்படும் என்று தெரியும், அங்கே வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்து ஏறக் கூடாது.

இன்னொன்று. விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே அந்த உயரத்துக் காற்று இருப்பதில்லை. அழுத்தம் ஏற்றிவைத்திருப்பார்கள். ஆனாலும் தரையில் இருக்கும் அளவுக்கு ஏற்றுவதில்லை. வழக்கமாக 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பது போன்ற அழுத்தம்தான் உள்ளே இருக்கும். 8,000 அடி என்பது உச்ச வரம்பு. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் அதிகபட்சமே 6,000 அடிதான். தேதியும் கட்டணமும் ஒத்துவந்தால் நீண்ட பயணத்துக்கு அந்த விமானங்களைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் நுரையீரலுக்கு அந்த 2,000 அடி பெரிய வித்தியாசம்.

பழையமூச்சு
மாஸ்க் விவரத்துக்கு நன்றி அம்மா. ஆனால் 95 இருப்பவருக்கு அந்த உயரத்தில் அப்படி என்ன குறைந்துவிடப் போகிறது?

ஊதுகுழல்
நான் நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். டாக்டர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கேள்வியோடு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மலை மேலேயும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் இருக்கும் அழுத்தம், 8,000 அடியில் 565 அளவுக்கு வந்துவிடும். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன், தரையில் இருந்துகொண்டு 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசித்தால் கிடைக்கும் அளவுதான். நோயில்லாதவர்களுக்கே விமானத்தில் 90ஐ ஒட்டி வரும். அவர்களுக்கு அது தெரிவதுகூட இல்லை.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் குறையக் குறைய ஆக்ஸிமீட்டர் எண்ணும் சீராகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். அந்த அழுத்தம் 95 மி.மீ.யிலிருந்து 65 மி.மீ.க்கு வந்தாலும் கருவியில் சில புள்ளிகள்தான் இறங்கும். 60 மி.மீ.க்குக் கீழே போனால் சரிவு செங்குத்தாகிவிடும். நல்ல நுரையீரல் உள்ளவர் தட்டையான பகுதியில் வெகு தூரத்தில் நிற்கிறார். சி.ஓ.பி.டி. உள்ளவர் கீழேயே அந்தச் சரிவின் விளிம்பில் நிற்கலாம், கருவி 94 என்று காட்டிக்கொண்டிருக்கும். விமானத்தில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு அழுத்தம்தான் குறைகிறது. ஆனால் ஒருவர் 91இல் நிற்பார், இன்னொருவர் 83க்குப் போவார்.

முன்பெல்லாம் 95க்கு மேல் இருந்தால் போகலாம், 92க்குக் கீழே என்றால் ஆக்ஸிஜன் வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். உங்கள் குடும்ப டாக்டர் அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் எண்ணை மட்டும் வைத்து மேலே என்ன ஆகும் என்று கணிக்க முடியாது என்று பிறகு பார்த்திருக்கிறார்கள். நுரையீரல் மருத்துவ அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அந்தப் பழைய கணக்கை நம்பச் சொல்லவில்லை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எண்ணும் இதற்குப் போதாது.

ஆக்ஸிமீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். கருத்த தோலில் சில கருவிகள் உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2021இல் இதைக் குறிப்பிட்டு எச்சரிக்கையே வெளியிட்டது. விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் மாறும். நம்மவர்கள் 94ஐப் பார்த்து நிம்மதி அடையும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மாடிப்படி பாதியில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த 95ஐவிட எனக்கு அதுதான் பெரிய தகவலாகத் தெரிகிறது.

தென்றல்
இவ்வளவு விளக்கத்துக்கு மிக்க நன்றி. அப்படியென்றால் மேலே போகாமலே மேலே என்ன ஆகும் என்று பார்க்க வழி இருக்கிறதா?

ஊதுகுழல்
இருக்கிறது. ஹைப்பாக்ஸிக் சேலஞ்ச் டெஸ்ட் என்பார்கள். சில இடங்களில் "ஃப்ளைட் டெஸ்ட்", "ஃபிட் டு ஃப்ளை டெஸ்ட்" என்று கேட்டால்தான் புரியும். நாற்காலியில் உட்கார வைத்து, 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றை மாஸ்க் வழியாக 20 நிமிடம் போலச் சுவாசிக்க வைப்போம். விரலில் ஆக்ஸிமீட்டர் இருக்கும். கடைசியில் ரத்தமும் எடுத்துப் பார்ப்போம். அளவு 85க்குக் கீழே போனாலோ, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 50 மி.மீ.க்குக் கீழே வந்தாலோ பயணத்தில் ஆக்ஸிஜன் வேண்டும் என்று எழுதுவார்கள். பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 லிட்டர்.

அங்கேயே 2 லிட்டர் கொடுத்து அளவு திரும்ப ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு கரியமில வாயு உடம்பில் தேங்கும். அவர்களுக்கு ஆக்ஸிஜன் தேவைக்கு மேல் போனாலும் ஆபத்துதான். மயக்கம், தலைவலி, குழப்பம் வரும். "கூடுதலாகவே வைத்துக்கொள்ளலாம், நல்லதுதானே" என்று நாமாகத் திருகக் கூடாது. எந்த அளவுக்குள் வைக்க வேண்டும் என்று நுரையீரல் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

இந்தப் பரிசோதனை எல்லா மருத்துவமனையிலும் இல்லை. முதலில் விசாரித்துவிட்டு, டிக்கெட்டை அப்புறம் போடுவது நல்லது.

கருவேலன்
எனக்கு ஐ.எல்.டி., அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய். சி.ஓ.பி.டி.யிலிருந்து வேறு, ஆனால் விமானத்தில் சந்திக்கும் பிரச்சினை ஒன்றுதான். எங்களுக்கு உட்கார்ந்திருக்கும்போது அளவு பரவாயில்லாமல் இருக்கும், எழுந்து பத்தடி நடந்தால் சடாரென்று விழும். அதனால் இருக்கையில் எப்படி இருப்பேன் என்பதைவிட கழிவறைக்குப் போய்வரும்போது என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. கழிவறைப் பக்கமாக, நடைபாதையை ஒட்டிய இருக்கை கேட்டு வாங்குகிறேன். எழும் முன் ஆக்ஸிஜன் குழாயோடுதான் எழுகிறேன்.

கையில் தூக்கிப் போகும் கான்சென்ட்ரேட்டர் பற்றி விவரமாக எழுதுகிறேன், இதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதும் விமானக் கம்பெனி சொல்வதும் பாதிப் பாதிதான்.

இது சுற்றியுள்ள காற்றிலிருந்து நைட்ரஜனை வடிகட்டி ஆக்ஸிஜனைத் தரும் இயந்திரம். உள்ளே அடைத்துவைத்த வாயு இல்லை, அதனால் விமானத்தில் அனுமதி உண்டு. எந்த மாடல் ஆனாலும் விமானத்தில் பயன்படுத்த ஏற்றது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதிப்படியான வாசகம் கருவியிலேயே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் அது இருக்காது, அவை எஃப்.ஏ.ஏ.வின் முந்தைய பட்டியலில் பெயரோடு இருக்க வேண்டும்.

சிறிய கருவிகள் பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு ஆக்ஸிஜன் தரும். அதில் "2" என்று வைத்தால் அது நிமிடத்துக்கு 2 லிட்டர் அல்ல. அந்தக் கருவியின் இரண்டாவது படி, அவ்வளவுதான். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். டாக்டர் 2 லிட்டர் தொடர் ஓட்டம் என்று எழுதியிருந்தால், நீங்கள் கொண்டுபோகும் அதே கருவியை மாட்டி, உட்கார்ந்தும் நடந்தும் அளவு பார்த்து எந்தப் படி என்று முடிவு செய்ய வேண்டும். தூங்கும்போது வாயால் மூச்சு விடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். மூக்கில் இழுப்பு மெல்லியதாக இருந்தால் கருவி அதை உணராமல் போகலாம். இரவு விமானத்தில் நான் தூங்கினால் மனைவி நடுநடுவே என் விரலில் மாட்டிப் பார்ப்பார்.

பேட்டரி. இருக்கையில் இருக்கும் மின்செருகியை நம்பி ஏறவே கூடாது. சில இருக்கையில் வேலை செய்யாது, சிலவற்றில் கருவி இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் நின்றுவிடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி, பறக்கும் நேரத்தின் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி வைத்திருக்க வேண்டும் என்று விமானக் கம்பெனி கேட்கலாம். வேறு நாட்டுக் கம்பெனிகள் பலவும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன. தென்றல், உங்கள் அம்மாவுக்கு இரண்டு விமானமும் சேர்த்து 13 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 20 மணி நேரத்துக்கு பேட்டரி. விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் அதற்கு மேல். பெட்டியில் எழுதியிருக்கும் பேட்டரி நேரம் வழக்கமாக முதல் அல்லது இரண்டாவது படிக்கானது. படி ஏற ஏற நேரம் மளமளவென்று குறையும். வீட்டில் உங்கள் படியில் ஓடவிட்டு எத்தனை மணி நேரம் வருகிறது என்று பாருங்கள்.

உதிரி லித்தியம் பேட்டரிகளை கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-அவர் வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. 100க்கு மேல் 160 வரை என்றால் கம்பெனியின் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுதான் விடுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில், முனைகள் உரசாதபடி வையுங்கள்.

கருவி முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். அதன் காற்றுத் துளைகளைப் போர்வையோ பையோ மூடாமல் பார்க்க வேண்டும். அவசர வழி வரிசையில் உட்காரவிட மாட்டார்கள்.

மழைக்கால்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் இருக்கும் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரையே எடுத்துப் போக முடியாதா? கான்சென்ட்ரேட்டர் வாங்க வசதியில்லை.

நீலவானம்
சொந்த சிலிண்டரைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. அமெரிக்கா தொடர்பான விமானங்களில் பயணி தன் சிலிண்டரைக் கொண்டுவரவே கூடாது. திரவ ஆக்ஸிஜன் எங்கேயும் கிடையாது. கான்சென்ட்ரேட்டரை வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள், பயண நாட்களுக்கு மட்டும் எடுக்கலாம். சில கம்பெனிகள் தாங்களே ஆக்ஸிஜன் ஏற்பாடு செய்து தரும், ஆனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், கட்டணமும் இருக்கலாம்.

அப்படி ஏற்பாடு செய்தால் கவனிக்க வேண்டியது: கம்பெனி தரும் ஆக்ஸிஜன் விமானத்துக்குள் மட்டும்தான். இறங்கியதும் குழாயைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். நடுவில் மாறும் விமான நிலையத்தில் ஒன்றும் இருக்காது. ஒரு கம்பெனியில் ஏறி வேறு கம்பெனியில் மாறினால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

செங்காந்தள்
என் தம்பிக்கு இரண்டு மாதம் முன்பு நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்குள் சேருவது, வந்தது. நுரையீரலில் பெரிய காற்றுக்குமிழ்கள் இருப்பதாகவும் சொன்னார்கள். குழாய் போட்டு, இப்போது நன்றாக இருக்கிறான். வேலைக்குப் பறக்க வேண்டும். அவனுக்கும் இதே பரிசோதனைதானா?

ஊதுகுழல்
இது வேறு விஷயம் அக்கா. இங்கே கவலை ஆக்ஸிஜன் அல்ல, அடைபட்ட காற்று. அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விமானத்தில் மூடிய தின்பண்டப் பொட்டலம் உப்புவது போல, வெளியேற வழியில்லாமல் நெஞ்சுக்குள் இருக்கும் காற்றும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகும். நெஞ்சில் காற்று மிச்சம் இருக்கும்போது பறக்கவே கூடாது. முழுவதும் சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியாக வேண்டும். அப்படி உறுதியான பிறகும் குறைந்தது 7 நாள் காத்திருக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். குமிழ்கள் இருப்பதால் திரும்ப வரும் வாய்ப்பு பற்றி அவன் தன் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும். "இப்போ வலி இல்லை" என்பதை வைத்து முடிவெடுக்க விடாதீர்கள்.

பழையமூச்சு
எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்பதையும் யாராவது புரிந்துகொள்ள வேண்டும். நோயைச் சொன்னால் படிவம், சான்றிதழ், மேலே ஒரு டாக்டரின் முடிவு. கடைசி நாளில் "அனுமதி இல்லை" என்று வந்தால் டிக்கெட் பணமும் போச்சு, பேரனின் கல்யாணமும் போச்சு. சொல்லாமல் ஏறினால் பத்திரமாகப் போய்ச் சேர்கிறோம். நுரையீரல் நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லைதானே?

நீலவானம்
ஆவதில்லை என்பது உண்மைதான் அண்ணா. லேசான நோய் உள்ளவர்கள் இன்ஹேலரோடு போய்வருகிறார்கள், அவர்களிடம் எந்தப் படிவமும் கேட்பதில்லை. பயமும் நியாயமானது. ஆனால் ஆக்ஸிஜன் தேவைப்படும் ஒருவர் மறைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். விமான வாசலில் ஒருவர் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், பணியாளர் கேப்டனிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். கையில் ஒரு தாள்கூட இல்லையென்றால் இறக்கிவிடும் வாய்ப்பே அதிகம். தாள் இருந்தால் "இவருக்கு இது வழக்கம், டாக்டர் பார்த்திருக்கிறார்" என்று எங்களுக்குத் தெரியும். இல்லாத நோயாக மறைத்துப் போய் வழியில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் பயணக் காப்பீடும் கைகொடுக்காது.

அந்தப் படிவத்தின் பெயர் மெடிஃப். ஒரு பகுதி நீங்கள் நிரப்புவது, இன்னொன்று டாக்டர் நிரப்புவது. கம்பெனியின் மருத்துவப் பிரிவு பார்த்துச் சொல்லும். 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்க வேண்டும் என்பது பரவலான விதி, ஆனால் நான் என்றால் வாரக்கணக்கில் முன்பே அனுப்புவேன். மறுப்பு வருவதானாலும் மாற்று வழி தேட நேரம் இருக்கும்போது வரட்டும். அடிக்கடி பறப்பவர்களுக்கு ஃப்ரெமெக் என்று ஒரு மருத்துவ அட்டை உண்டு, உங்கள் நோய் நிலையாக இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள் அண்ணா. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படிவம் நிரப்ப வேண்டியிருக்காது.

பழையமூச்சு
இந்த அட்டை பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை. விசாரிக்கிறேன். பரிசோதனைக்கும் நேரம் கேட்டிருக்கிறேன்.

தென்றல்
தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவுக்குப் பரிசோதனை முடிந்தது. தொடங்கும்போது 94. 15 சதவீதக் காற்றில் 82 வரை இறங்கியது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, "கொஞ்சம் தூக்கம் வருகிறது" என்று மட்டும் சொன்னாராம். 2 லிட்டர் கொடுத்ததும் 91 வந்தது. கரியமில வாயு தேங்கவில்லை. நுரையீரல் டாக்டர் ஆக்ஸிஜனோடு போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சித்தப்பாவும் சமாதானமாகிவிட்டார். தொடர் ஓட்டம் தரும் கான்சென்ட்ரேட்டரை வாடகைக்கு எடுக்கிறோம். தங்கை கூட வருகிறாள்.

இன்னும் என்னென்ன பார்க்க வேண்டும்?

கருவேலன்
ரொம்ப சந்தோஷம். ஒன்றும் தெரியவில்லை என்று அம்மா சொன்னதை எல்லோரும் கவனியுங்கள். மூச்சு முட்டினால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம், பல நேரம் தூக்கமும் மந்தமும்தான் வரும். தங்கையிடம் சொல்லிவையுங்கள், அம்மா அசந்து தூங்கினால் எண்ணைப் பார்க்க வேண்டும்.

சக்கர நாற்காலி டிக்கெட்டோடே பதிவு செய்யுங்கள். அம்மா நடக்கக்கூடியவர்தான் என்றாலும் பெரிய விமான நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் தூரம் அவருடைய மாடிப்படியைவிட மோசம். படி ஏற முடியாது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் குறியீடு இருக்கிறது, சொல்லாவிட்டால் விமானப் படிக்கட்டின் கீழே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

ஊதுகுழல்
இன்ஹேலர், ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்), மாத்திரை எல்லாம் கைப்பையில். பாதியை இன்னொருவர் பையில். திரவ மருந்துக்கு 100 மி.லி. வரம்பிலிருந்து விலக்கு உண்டு, மருந்துச் சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும். நெபுலைசரைத் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகப் பல முறை எடுப்பது பெரும்பாலானவர்களுக்கு அதே பலனைத் தரும்.

உள்ளே காற்று மிகவும் உலர்ந்திருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. சளி கெட்டியாகும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து குடிக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர், அம்மாவை அப்படி விட வேண்டாம். கெண்டைக்காலை மடக்கி நீட்டும் பயிற்சி அடிக்கடி செய்யட்டும், காலில் ரத்தம் உறையும் ஆபத்து நுரையீரல் நோயாளிகளுக்குக் கொஞ்சம் கூடுதல். பயணத்துக்கு முன் சளி, காய்ச்சல் வந்து மூச்சு மோசமானால் இந்தப் பரிசோதனை முடிவு செல்லாது. டாக்டரைத் திரும்பப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

மழைக்கால்
இறங்கும் ஊரே உயரத்தில் இருந்தால்?

ஊதுகுழல்
விமானத்தில் சில மணி நேரம்தான், அங்கே இரவு பகலாக அதே குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். லடாக்கின் லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கு மேல், பொலிவியாவின் எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கும் மேல். இரண்டுமே விமானத்துக்குள் இருக்கும் 8,000 அடியை, அதாவது சுமார் 2,400 மீட்டரைத் தாண்டியவை. 15 சதவீதத்தில் 82க்கு இறங்கும் ஒருவர் அங்கே போவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தென்றல்
எங்கள் ஊர் கடல் மட்டத்தில்தான், கவலையில்லை. கடைசியாக ஒன்று: அம்மா சில மாதம் தங்கிவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது இதே தாள்கள் போதுமா?

நீலவானம்
போதாது தங்கச்சி. மெடிஃப் குறிப்பிட்ட பயணத்துக்கானது. டாக்டரின் கடிதமும் பயணத் தேதிக்கு நெருக்கமாக எழுதியதாக இருக்க வேண்டும் என்பார்கள், எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். திரும்பும் டிக்கெட் உறுதியானதும் அந்தக் கம்பெனியின் மருத்துவப் பிரிவுக்கு எழுதி, இப்போதைய பரிசோதனை முடிவை இணைத்து, புதிதாக எது வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் அம்மாவைப் பார்க்க ஒரு நுரையீரல் டாக்டரை இப்போதே ஏற்பாடு செய்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கு அப்போது அலைய வேண்டியிருக்காது. வாடகைக் கருவியையும் திரும்பும் தேதி வரை சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.